நான்காவது வார்த்தை

பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் போதகர் போன் பண்ணினார். மும்மணி தியானத்தில், இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் இந்த முறை சபையார் ஏழு பேர் பேசட்டும் என்று முடிவாகியிருக்கிறது, நீங்கள் நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடம் போதும் என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் நான்காவது எது என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மன்னிப்பு முதலாவது. கள்ளனுக்குக் கொடுத்த பரதீசு இரண்டாவது. தாயை யோவானிடம் ஒப்படைத்தது மூன்றாவது. நான்காவது, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்."

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதை விளக்கிடாதே" என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். அந்த மூன்று வாரமும் சிலுவையைப் பற்றி நான் படித்ததும் யோசித்ததும் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் சிலுவையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். கழுத்தில் தங்கத்தில் தொங்குகிறது, கோபுரத்தின் மேல் நிற்கிறது, கல்லறையில், வேதாகமத்தின் அட்டையில், எல்லா இடத்திலும் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ரோமர் ஆட்சிக்குக் கீழே இருந்த ஒருவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே குடல் நடுங்கியிருக்கும். ரோமின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சிசரோ அதை மிகக் கொடூரமான, மிக அருவருப்பான தண்டனை என்று சொன்னார். ரோமக் குடிமகனுக்கு அதைக் கொடுப்பது அநியாயம் என்பதுதான் அவர் வாதம். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. ஸ்பார்டகஸ் தலைமையில் எழும்பிய அடிமைகளின் கலகம் கி.மு. 71இல் ஒடுக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். ஏரோது ராஜா செத்த பிறகு யூதேயாவில் கலகம் எழும்பியபோது சிரியாவின் ஆளுநர் வாரு ஏறக்குறைய 2,000 பேரை அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபு எழுதுகிறார். அது இயேசு சிறு குழந்தையாக இருந்த காலம். கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையின்போது ஒரு நாளைக்கு 500 பேருக்கும் மேல் அறையப்பட்டதாகவும், சிலுவை நட இடமும் போதவில்லை, உடல்களுக்குச் சிலுவையும் போதவில்லை என்றும் அதே யோசேபுதான் எழுதியிருக்கிறார்.

கொல்வது மட்டும் அதன் நோக்கமில்லை. கொல்வதற்கு வாள் போதும். ஆளின் துணியை உரிந்து, ஊருக்கு வெளியே வழிப்போக்கர் கண்ணில் படும்படி நிறுத்தி, மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் சாகவிட்டு, பெரும்பாலும் அடக்கம்கூட இல்லாமல் பறவைகளுக்கும் நாய்களுக்கும் விட்டுவிடுவார்கள். இவன் மனிதனே இல்லை, இவன் பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது என்பதுதான் அந்த மரம் சொன்ன செய்தி. இத்தனை ஆயிரம் பேர் அப்படிச் செத்திருந்தும், 1968இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த ஒரு குதிகால் எலும்புதான் அகழாய்வில் கிடைத்த முதல் தெளிவான தடயம். எலும்பில் இரும்பு ஆணி அப்படியே இருக்கிறது. முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் ஆணியோடேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். எலும்புப் பெட்டியின் மேல் யெகோகனான் என்று பெயர் கீறியிருக்கிறது. நம் வேதாகமத்தில் யோவான் என்று வருகிற அதே பெயர். யாரோ அவனுடைய உடலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, எலும்புகளைச் சேகரித்து, பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எலும்பின் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மரத்தில் செத்த ஒருவரைத்தான் கடவுள் என்று முதல் கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ரோமில் பாலத்தீன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் சாட்சியாக இருக்கிறது. 1857இல் அதைக் கண்டெடுத்தார்கள். சிலுவையில் தொங்குகிற ஓர் உருவம், அதற்குக் கழுதைத் தலை, கீழே ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான், பக்கத்தில் கிரேக்கத்தில் ஒரு வரி: அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான். யாரோ ஒரு பையனைக் கூடவே இருந்த பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். சிலுவைக் காட்சிக்கு இன்று நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய படங்களில் இது ஒன்று, அதுவும் விசுவாசி வரைந்ததில்லை. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. அவர் தெருவில் கேட்ட பேச்சு அது. "மரத்திலே தூக்கப்பட்ட எவனும் சபிக்கப்பட்டவன்" என்று உபாகமத்திலிருந்து எடுத்து, கலாத்தியர் நிருபத்தில் கிறிஸ்துவுக்கே பொருத்துகிறார். பவுல் அதை மூடி மறைக்கப் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் ஆணியின் நீளத்தையும் சவுக்கின் நுனியையும் இரத்தத்தின் அளவையும் விவரித்து விவரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், சின்ன வயதில் அழுதும் இருக்கிறேன். ஆனால் சுவிசேஷங்களைத் திறந்து பார்த்தால் அந்த இடம் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது. அவரைச் சிலுவையில் அறைந்தார்கள், அவ்வளவே. ஆணி என்ற சொல்கூட அங்கே கிடையாது. உயிர்த்தெழுந்த பிறகு தோமா சந்தேகப்படும்போதுதான் அது வருகிறது. மாற்கு நிறுத்தி நிதானமாகச் சொல்வதெல்லாம் அவமானத்தைத்தான். வஸ்திரத்துக்குச் சீட்டுப் போட்டது, வழிப்போக்கர் தலையைத் துலுக்கித் தூஷித்தது, மற்றவர்களை ரட்சித்தான், தன்னை ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தது. எபிரெயர் நிருபமும் அவமானத்தை எண்ணாமல் சிலுவையைச் சகித்தார் என்றே சொல்கிறது. வலி இருந்தது, பயங்கரமாக இருந்தது. ஆனாலும் நிறைய வலித்தது என்பதால் அது நம்மை மீட்டது என்று ஒரு சுவிசேஷகரும் எழுதவில்லை.

சரி, பின்னே ஏன் மீட்டது?

எனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த பதில் ஒரு நீதிமன்றக் கதை. குற்றவாளி நான். நீதிபதி கடவுள். தண்டனை மரணம். நீதி தவறக் கூடாது, ஆனால் அவருக்கு என்மேல் அன்பும் இருக்கிறது, அதனால் தண்டனையைத் தம் குமாரன்மேல் போட்டுவிட்டார். பல பேருக்கு இந்தக் கதை பெரிய ஆறுதலைக் கொடுத்திருக்கிறது, நான் அதை லேசாகப் பேச மாட்டேன். தான் செய்ததை நினைத்துத் தூங்க முடியாத ஒருவனுக்கு "உன் கணக்கு தீர்ந்தது" என்ற சொல் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதற்கு வேதத்தில் ஆதாரமும் இருக்கிறது. நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டார் என்று ஏசாயா 53 சொல்கிறது. ஆனால் சிலுவையின் அர்த்தம் முழுவதும் இந்த ஒரே கதைதான், தொடக்கத்திலிருந்தே சபை இதைத்தான் போதித்தது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை.

முதல் நூற்றாண்டுகளில் இருந்தவர்களுக்குச் சிலுவை ஒரு போர்க்களம். பாவம், மரணம், பிசாசு என்ற எஜமான்களிடம் அடிமைப்பட்டிருந்த மனிதனைக் கிறிஸ்து உள்ளே புகுந்து மீட்டார் என்றார்கள். சிலர் அதை மீட்புப் பணம் என்று விளக்கினார்கள். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி தூண்டில் உவமை சொன்னார்: மனித உடல் இரை, உள்ளே ஒளிந்திருந்த தெய்வத்துவம் முள், மரணம் அதை விழுங்கி மாட்டிக்கொண்டது. அதே காலத்தில் அவருடைய நண்பர் நசியான்சுவின் கிரகோரி ஒரு கேள்வி கேட்டார். அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? பிசாசுக்கு என்றால் அது வெட்கக்கேடு. பிதாவுக்கு என்றால், ஈசாக்கைப் பலியாக ஏற்காத பிதா ஏன் தம் குமாரனின் இரத்தத்தில் பிரியப்படுவார்? அது 1,600 ஆண்டுக்கு முந்தைய கேள்வி. என் ஞாயிறு பள்ளியில் எங்களில் யாராவது கேட்டிருந்தால் உட்கார் என்று சொல்லியிருப்பார்கள்.

பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் கேண்டர்பரி பேராயர் அன்செல்ம் அதைக் கடனாகச் சொன்னார். பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டிய கனத்தைச் செலுத்தாமல் விட்டது. கட்ட வேண்டியவன் மனிதன், கட்ட முடிந்தவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளும் மனிதனுமான ஒருவர் வர வேண்டியிருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், கடவுள் இயேசுவைத் தண்டித்தார் என்று அன்செல்ம் சொல்லவில்லை. தண்டனைக்குப் பதிலாகத்தான் ஈடு செய்தல் என்றார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்த அபேலார், குற்றமற்றவனின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்று வெளிப்படையாகவே எழுதி, சிலுவை நமக்குள் அன்பை மூட்டுகிறது என்றார். நான் படித்த நீதிமன்றக் கதை அந்த முழு வடிவத்தில் வந்தது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளிடம், முக்கியமாகச் சட்டம் படித்தவரான கால்வினிடம்.

ஆனால் சபைத் தலைவர்கள் கூடிய எந்தப் பொதுச் சங்கமும் இதில் ஒன்றை மட்டும் எடுத்து இதுவே சபையின் விசுவாசம் என்று முத்திரை குத்தவில்லை. கிறிஸ்து யார் என்பதற்காக நிசேயா, கல்கெதோன் சங்கங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டவர்கள், விசுவாசப் பிரமாணத்தில் சிலுவை எப்படி மீட்கிறது என்ற இடத்தில் "நமக்காக" என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். கூடவே ஓர் ஆளுநரின் பேரையும் வைத்தார்கள், பொந்தியு பிலாத்து. அந்த இரண்டும் சேர்ந்து நிற்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பக்கம் நமக்காக; இன்னொரு பக்கம், இது நடந்த விஷயம், கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ஒரு ரோம அதிகாரியின் ஆணையில் நடந்தது.

அந்தப் பேரை மறந்ததால் நடந்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. தீர்ப்பு எழுதியவன் ரோமன், ஆணி அடித்தவன் ரோமப் போர்வீரன், மேலே மாட்டிய பலகையில் மூன்று மொழியில் எழுதியதும் ரோமக் குற்றச்சாட்டுதான். அப்படியிருந்தும் நூற்றாண்டுக்கணக்கில் ஐரோப்பாவில் யூதர்கள் பெரிய வெள்ளி வந்தாலே வீட்டுக்குள் பயந்து கிடந்தார்கள். கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்று அவர்களை அடித்தார்கள், கொன்றார்கள். அன்று வாழ்ந்த யூதர் எல்லார்மேலும், இன்றுள்ள யூதர்மேலும் அந்தப் பழியைப் போடக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965இல்தான். தாவீதின் சங்கீதத்தைத் தன் தாய்மொழியில் சொல்லிக்கொண்டே செத்த ஒரு யூதரின் பேரால் அவருடைய ஜனத்தையே வேட்டையாடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது அக்காவுக்கு வருகிறேன்.

அக்காவின் கல்யாண வாழ்க்கை ஒன்பது வருடம்தான். முதல் வருடத்திலேயே அடி ஆரம்பித்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. ஏழாவது வருடத்தில் அவர்கள் போய்க்கொண்டிருந்த சபையின் மூப்பர் ஒருவரிடம் தைரியத்தை வரவழைத்துச் சொல்லியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உன் சிலுவைம்மா, சுமந்துக்கோ. இயேசுவும் வாய் திறக்காமத்தானே சகிச்சார்" என்று ஜெபித்து அனுப்பிவிட்டார். அவள் திரும்பிப் போனாள். அன்று ராத்திரி அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. குளியலறைத் தரையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேறு எந்த ஜெபமும் வரவில்லை, இந்த ஒரு வார்த்தைதான் வந்தது என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். ஏன் என்னைக் கைவிட்டீர். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லையாம்.

அவள் அங்கிருந்து வெளியே வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. வெளியே வந்ததற்கும் சிலர் சிலுவையை இறக்கி வைத்துவிட்டாள் என்று பேசினார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை. "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்களுக்குச் சிலுவை என்றால் தலைவலியோ தலைவிதியோ அல்ல. ரோமன் உன்னைக் கொல்லக்கூடும், என் பின்னால் வந்தால் அதுதான் நடக்கலாம், தெரிந்து வா என்பதுதான் பொருள். அது ஒருவர் தாமாக எடுப்பது. இன்னொருவன் நம் முதுகில் ஏற்றிவிடுவதற்குப் பேர் வேறு. இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி சிரேனே ஊரானாகிய சீமோனை அவர்கள் பலவந்தம்பண்ணினார்கள் என்றே மாற்கு எழுதுகிறார், தேவன் அவனுக்கு நியமித்தார் என்று எழுதவில்லை.

இன்னும் ஒன்று. சுவிசேஷம் நான்கையும் புரட்டிப் பாருங்கள். நோயோடும் பாரத்தோடும் தம்மிடம் வந்த ஒருவரிடமாவது இயேசு "இது உன் சிலுவை, வைத்துக்கொள்" என்று சொன்னதுண்டா? பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத இரத்தப்போக்கினால், அவதிப்பட்ட ஸ்திரீயிடமும் பதினெட்டு வருடம் கூனியாக இருந்தவளிடமும் அவர் அப்படிப் பேசவில்லை. தம்மைக் கல்லெறியக் கல் எடுத்தபோது அவரே விலகிப் போனார், பிடிக்கத் தேடியபோது அவர்கள் கைக்குத் தப்பிப் போனார், யோவான் இரண்டையும் எழுதியிருக்கிறார். வாய் திறக்கவில்லை என்கிறோமே, பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18:23. இந்த வசனத்தை யாராவது அன்றைக்கு என் அக்காவுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

அதே சிலுவையைத் துன்பப்படுகிறவர்கள் முன்னால் வேறு விதமாக வைத்தவர்களும் உண்டு. 1512க்கும் 1516க்கும் நடுவில் ஐசன்ஹைம் என்ற இடத்திலிருந்த அந்தோனியார் மடத்துக்கு மத்தியாஸ் க்ரூனவால்ட் ஒரு பீடப்படம் வரைந்தார். அந்த மடத்தில் பூஞ்சை பிடித்த தானியத்தால் வரும் ஒரு கொடிய நோய்க்காரர்களைப் பராமரித்தார்கள். தோல் எரியும், கை கால் அழுகி விழும். அவர்கள் பார்க்கும்படி வைத்த சிலுவைநாதரின் உடம்பு முழுக்கப் புண், நிறம் பச்சை கலந்து போயிருக்கிறது, விரல்கள் கோணிக்கொண்டு நிற்கின்றன. சகித்துக்கொள் என்று அந்தப் படம் சொல்லவில்லை. சொல்லப்போனால் எதையுமே சொல்லவில்லை. உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மடத்தார் படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடவும் இல்லை. புண்ணைக் கழுவினார்கள், மருந்து போட்டார்கள், சாப்பாடு கொடுத்தார்கள்.

அப்புறம் நான்காவது வார்த்தை.

அது ஒன்பதாம் மணி நேரம், நம் கணக்கில் பிற்பகல் மூன்று. மூன்று மணி நேரமாக இருட்டு. மாற்கு கிரேக்கத்தில் எழுதுகிறவர், ஆனால் இந்த இடத்தில் அராமிக் ஓசையை அப்படியே விட்டுவிடுகிறார்: எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி. ஆலயத்தில் வாசிக்கும் எபிரெயத்தில் வராமல், வீட்டில் அம்மாவிடம் பேசிய மொழியில் வந்தது. மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் கொடுத்தாலும் அந்த ஓசையை விட அவருக்கு மனம் வரவில்லை. கேட்டவர்கள் காதிலிருந்து அது போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

மாற்கிலும் மத்தேயுவிலும் சிலுவையிலிருந்து வருகிற ஒரே வார்த்தை இதுதான். மற்ற ஆறும் லூக்காவிலும் யோவானிலும் இருப்பவை. நாம் ஏழையும் ஒரே மாலையாகக் கோத்து, நான்காவதுக்குப் பிறகு உடனே ஐந்து, ஆறு, "முடிந்தது", "உம்முடைய கைகளில்" என்று போய்விடுகிறோம். மாற்கை மட்டும் வாசித்தால் அந்த ஆறுதல் கிடையாது. கூப்பிட்டார், பதில் இல்லை, அப்புறம் மகா சத்தமிட்டு உயிரை விட்டார். பழைய காலத்தில் எழுதிப் பிரதி எடுத்தவர்களுக்கே இது தாங்கவில்லை. கோடெக்ஸ் பேசே (Codex Bezae) என்று ஒரு பழைய கையெழுத்துப் பிரதி இருக்கிறது, மாற்கின் இந்த வசனத்தில் "கைவிட்டீர்" என்பதற்குப் பதிலாக "நிந்தித்தீர்" என்று பொருள்படும் சொல் இருக்கிறது. எழுதியவரின் கை நடுங்கியிருக்க வேண்டும்.

நானும் அதையேதான் செய்யப் பார்த்தேன். என் முதல் குறிப்பில், இது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் வெற்றியில் முடிகிறது, ஆகவே இயேசு உண்மையில் வெற்றிப் பாடலைத்தான் பாடினார் என்று எழுதியிருந்தேன். பல பேர் இப்படிப் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறேன். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது அக்காவின் குரல் கேட்டது. விளக்கிடாதே. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், நீ சொன்னது ஒரு வெற்றிப் பாடலின் முதல் வரி என்று சொல்ல முடியுமா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இன்னொரு விளக்கம் இதைவிட அதிகமாகக் கேட்பது. உலகத்தின் பாவமெல்லாம் குமாரன்மேல் இருந்ததால், பாவத்தைப் பார்க்கமாட்டாத பிதா தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது. பாட்டாகவே பாடுகிறோம், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறோம். எந்தச் சுவிசேஷத்தில் அது இருக்கிறது என்று தேடினேன். ஒன்றிலும் இல்லை. ஆபகூக் தீர்க்கதரிசியில் தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே என்று வரும் வரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, சிலுவை நின்ற கொல்கொதாவில் ஒட்டியிருக்கிறோம். அந்த ஆபகூக்கே அதே வசனத்தில், பின்னே துரோகிகளை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்றுதான் கேட்கிறான்! யோவானில் இயேசு கைதாவதற்கு முன்னால் சொல்கிறார், நீங்கள் என்னைத் தனியே விட்டுவிடுவீர்கள், ஆனாலும் நான் தனித்திரேன், பிதா என்னுடனேகூட இருக்கிறார். பவுல் இரண்டாம் கொரிந்தியரில் சொல்வதும் தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்பதே. கிறிஸ்துவுக்கு எதிரே நின்று என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு எல்லாம் இந்த இடத்தில்தான் திரும்பியது. நீதிமன்றக் கதையில் பிதா மேடைமேல் இருக்கிறார், குமாரன் கூண்டில் இருக்கிறார், இருவருக்கும் நடுவில் தூரம். அந்தத் தூரம் இருக்கும் வரைக்கும் அந்த மூப்பர் சொன்னதும் சரியாகிவிடும். மேலே இருப்பவர் அடியை அனுமதிப்பார், கீழே இருப்பவள் வாங்கிக்கொள்ள வேண்டும், அதில் ஏதோ நன்மை இருக்கும். ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது அதைவிடப் பெரிய விஷயம். தொங்கினவர் கடவுளே. அடித்தவர்கள் பக்கம் கடவுள் நிற்கவில்லை, அடி வாங்கின உடம்புக்குள் இருந்தார். பாவத்தின் கூலியை அவர் வெளியிலிருந்து வசூலிக்கவில்லை. பாவம் மனிதனை எங்கே கொண்டுபோய்த் தள்ளுமோ, கடவுளே இல்லை என்று தோன்றுகிற அந்தக் கடைசி இடம் வரைக்கும், தாமே இறங்கிப் போனார். அதனால்தான் அந்தக் கூக்குரல் நிஜம். நடிப்பாக இருந்தால் அவர் அங்கே போகவே இல்லை என்றாகிவிடும். நாம் கடவுளைவிட்டுப் போன தூரம் எவ்வளவோ அவ்வளவும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைக் கடவுளே நம் பக்கத்தில் நின்று சொல்கிறார்.

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் இளவயதில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். 1943இல் ஹாம்பர்க்மேல் குண்டு மழை பெய்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிச் செத்தான், இவர் பிழைத்தார். போர் முடிந்து ஸ்காட்லாந்தில் கைதிகள் முகாமில் இருந்தபோது கையில் ஒரு வேதாகமம் கிடைத்தது, அதில் மாற்கு எழுதிய இந்தக் கூக்குரலுக்கு வந்தபோது தன்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. பிற்பாடு அவர் எழுதிய இறையியல் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்பியது.

கடைசியில் 22ஆம் சங்கீதத்துக்கே திரும்பிப் போனேன். வெற்றி வரியைத் தேடிப் போகவில்லை. தலையைத் துலுக்குகிறவர்கள், வஸ்திரத்துக்குச் சீட்டுப் போடுகிறவர்கள் என்று மாற்கு எழுதிய காட்சியின் பல வரிகள் இந்தச் சங்கீதத்திலிருந்து வருவதால், அவர் இதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது நிச்சயம். மெதுவாக, வரி வரியாக வாசித்தேன். 24ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். எத்தனை முறை வாசித்திருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை. "உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாயெண்ணாமலும் அருவருக்காமலும், தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலும், தம்மை நோக்கி அவன் கூப்பிடுகையில் அவனைக் கேட்டருளினார்."

முகத்தை மறைக்காமலும். அதே சங்கீதத்தில் இருக்கிறது.

பெரிய வெள்ளியன்று பதினைந்து நிமிடம் முழுவதும் நான் பேசவில்லை. ரோமைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், மூப்பர் பேச்சை யார் என்று சொல்லாமல் சொன்னேன், யோவான் 18:23ஐ வாசித்தேன். சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து 24 வரைக்கும் வாசித்துவிட்டு இறங்கினேன். அக்கா வந்திருந்தாள், கடைசி வரிசையில். அவள் ஆராதனைக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, வருகிறேன் என்று என்னிடம் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வேதாகமத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். 24ஆம் வசனத்தில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தாள். உடைந்து கொஞ்சம் கோணலாகச் சேர்ந்த அந்த மணிக்கட்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு ராத்திரி எனக்கு இது தெரியல" என்றாள். அந்த மூன்று மணிக்கு அவருக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பக்கத்தை மேலே தள்ளி, முதல் வசனத்துக்குத் திரும்பப் போயிருந்தாள்.